போன கரண்ட் அவ்வளவும் திரும்பி வருகிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் பத்தாம் வகுப்பு ‘மின்னோட்டவியல்’ பாடத்துக்கு வந்த வினா-விடைத் தொகுப்பைப் படித்தேன். ஓம் விதி, ஜூலின் வெப்ப விதி, தொடரிணைப்பு, பக்க இணைப்பு, மின்தடை எண்ணின் அலகு என எல்லாம் இருந்தன. விடைகளில் பிழை என்று எதையும் சொல்ல முடியாது. மனப்பாடம் செய்த பிள்ளைக்கு 2 மதிப்பெண் கேள்வியும் 4 மதிப்பெண் கேள்வியும் கைகூடிவிடும். ஆனால் அதே பிள்ளை ஒரு சாதாரண டார்ச் பல்பு எப்படி எரிகிறது என்று கேட்டால் தடுமாறுகிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் அருப்புக்கோட்டையில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். ஐடிஐ-யில் எலக்ட்ரீஷியன் பிரிவு படித்தவன். வீட்டு வயரிங், மோட்டார் காயில் கட்டுவது, மிக்ஸி, அயர்ன்பாக்ஸ் ரிப்பேர் எல்லாம் பார்க்கிறேன். அறிவியல் கண்காட்சி வந்துவிட்டால் கடையில் பிள்ளைகள் கூட்டம்தான். “அண்ணே, 9 வோல்ட் பேட்டரி ஒண்ணு, எல்இடி நாலு” என்று கேட்பார்கள். கரண்டைக் கட்டுப்படுத்துகிற ரெசிஸ்டர் (மின்தடை) வேண்டுமா என்றால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ரெசிஸ்டர் இல்லாமல் 9 வோல்ட்டை நேரே கொடுத்தால் எல்இடி ஒரு மின்னு மின்னிவிட்டு அவிந்துபோகும். சிவப்பு எல்இடி ஏறக்குறைய 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ட்டை எங்காவது இறக்கியாக வேண்டும். 470 ஓம் போட்டால் 15 மில்லி ஆம்பியர் ஓடும், எல்இடி பிழைத்துக்கொள்ளும். இந்தக் கணக்கு ஓம் விதியைத் தவிர வேறில்லை. V = IR (மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை) என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் பிள்ளைகளுக்கு, அது இந்த எல்இடிக்கும் பொருந்தும் என்று தோன்றுவதில்லை.

அவர்கள் கேட்ட சாமானை எடுத்துக்கொண்டே நான் வழக்கமாக ஒன்று கேட்பேன். பேட்டரியிலிருந்து பல்புக்குப் போகிற வயரில் 0.3 ஆம்பியர் ஓடுகிறது. பல்பைத் தாண்டித் திரும்பி வருகிற வயரில் எவ்வளவு ஓடும்? நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட “குறையும்ணே” என்பார்கள். எவ்வளவு குறையும்? “0.2… 0.1…” ஏன் குறையணும்? “பல்பு எரிஞ்சிருச்சுல்ல!”

வாயால் சொல்லித் திருத்த நான் முயல்வதில்லை. கல்லாவுக்குப் பக்கத்திலேயே இரண்டு பென்சில் செல் போட்ட ஹோல்டரும், 2.5 வோல்ட் குண்டு பல்பும், கரண்டையும் வோல்ட்டையும் அளக்கிற மல்டிமீட்டரும் இருக்கின்றன. மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பல்புக்கு முன்னால் சுற்றைப் பிரித்து நடுவில் மீட்டரைச் சேர்ப்பேன். 0.29. அங்கே எடுத்துவிட்டு, பல்புக்குப் பின்னால் சேர்ப்பேன். 0.29. சிலர் நம்ப மாட்டார்கள், பேட்டரியைத் திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். மீட்டரில் கழித்தல் குறி வரும், எண் மாறாது.

“அப்போ பல்புல என்னண்ணே செலவாகுது?” என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் அன்றைக்கு எனக்கு வியாபாரம் ஓடாவிட்டாலும் கவலை இல்லை. மீட்டரை வோல்ட்டுக்கு மாற்றி, பல்பின் இரு முனைகளிலும் முள்ளை வைப்பேன். 2.8 வோல்ட். பல்புக்குப் போகிற வயரின் இரு முனைகளில் வைத்தால் பூஜ்யம். போன கரண்ட் அவ்வளவும் திரும்பி வருகிறது. ஆனால் அது பல்பைக் கடக்கும்போது தன் ஆற்றலை வெளிச்சமாகவும் சூடாகவும் கொடுத்துவிட்டு வருகிறது. அந்த இறக்கத்தைத்தான் வோல்ட்மீட்டர் காட்டுகிறது. ‘ஓரலகு மின்னூட்டத்தை நகர்த்தச் செய்யப்படும் வேலை’ என்று பாடத்தில் இருக்கிற வரையறை சொல்வதும் இதையேதான். மீட்டரில் 2.8-ஐயும் பூஜ்யத்தையும் அடுத்தடுத்துப் பார்த்த பிள்ளைக்கு அந்த வாக்கியம் சட்டென்று பிடிபடுகிறது.

மேல்நிலைத் தொட்டி, குழாய், தண்ணீர் என்று உதாரணம் சொல்லும் ஆசிரியர்கள் நிறைய இருக்கிறார்கள். முதல் பத்து நிமிஷத்துக்கு அது உதவும்தான். ஆனால் குழாயை அறுத்தால் தண்ணீர் கொட்டும், வயரை அறுத்தால் கரண்ட் கொட்டாது, நின்றுவிடும். தொட்டியிலிருந்து வந்த தண்ணீர் வாளியில் தங்கிவிடும், கரண்ட் எங்கும் தங்காது. ‘பல்பு கரண்டைக் குடித்துவிடுகிறது’ என்கிற எண்ணத்துக்கே இந்தத் தொட்டி ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

அடுத்தபடியாக இரண்டு பல்பை வரிசையாகச் சேர்த்துக் காட்டுவேன். முதல் பல்பு பிரகாசமாகவும் இரண்டாவது மங்கலாகவும் எரியும் என்று பந்தயம் கட்டுவார்கள். இரண்டும் ஒரே மாதிரி மங்கலாக எரியும். பக்க இணைப்பாக மாற்றினால் இரண்டும் முழு வெளிச்சம், மீட்டரில் கிட்டத்தட்ட இரட்டிப்பு ஆம்பியர். இந்தக் கடைசி எண்ணில்தான் வீட்டுக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது.

பக்க இணைப்பில் ஒவ்வொரு சாதனமும் கரண்டுக்குப் புதிதாக ஒரு வழி திறந்துவிடுகிறது. சாதனம் கூடக்கூட மொத்தத் தடை குறையும், இழுக்கிற கரண்ட் ஏறும். ‘பொருள் கூடினால் தடையும் கூடும்’ என்று பிள்ளைகள் நினைப்பது தொடரிணைப்பை மட்டும் மனதில் வைத்து. 1/R என்று தலைகீழாகப் போட்டுக் கணக்குச் செய்து விடையைச் சரியாகவே எழுதுவார்கள். அந்த விடை தங்கள் அடுப்படியைப் பற்றியது என்று மட்டும் தெரியாது.

அடுப்படியையே எடுத்துக்கொள்கிறேன். இண்டக்‌ஷன் அடுப்பு 1800 வாட்ஸ். 230 வோல்ட்டில் அது 7.8 ஆம்பியர் இழுக்கும். பெரிய பின் உள்ள 16 ஆம்பியர் பிளக்கோடு வரும் அடுப்பை, கன்வெர்ட்டர் ஒன்றை மாட்டி, 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகுகிறார்கள். பக்கத்துத் துளையில் 1000 வாட்ஸ் அயர்ன்பாக்ஸ், அது 4.3. மொத்தம் 12 ஆம்பியரைத் தாண்டிவிட்டது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் மெல்லிய வயர் பாவம் என்ன செய்யும்? “எம்சிபி இருக்குல்ல, டிரிப் ஆயிருமே” என்பார்கள். எம்சிபி என்பது கரண்ட் அளவை மீறினால் லைனைத் தானாகத் துண்டிக்கிற சுவிட்ச். அந்த லைனில் இருப்பது 16 ஆம்பியர் எம்சிபி. சுவருக்குள் ஓடுகிற 2.5 சதுர மில்லிமீட்டர் வயரைக் காப்பாற்ற வைத்தது அது. அதைப் பொறுத்தவரை 12 ஆம்பியர் சாதாரண ஓட்டம். அது பேசாமல் இருக்க, எக்ஸ்டென்ஷன் வயர் இளகிக்கொண்டிருக்கும்.

இதோடு பிளக் லூஸ் காண்டாக்டாக இருந்தால் கேட்கவே வேண்டாம். பித்தளைத் தகடு தளர்ந்து அரை ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். அரை ஓம் என்றால் சின்ன எண்தான். ஆனால் அங்கே உண்டாகிற சூட்டைக் கணக்கிட, ஜூலின் விதிப்படி அதைக் கரண்டின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். 7.8-ஐ 7.8-ஆல் பெருக்கி, பாதியாக்கினால் 30 வாட்ஸ். நான் ஈயம் உருக்கப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்ஸ்தான். ஒரு பிளக்குக்குள் அதைவிடச் சூடான ஒன்றை எரியவிட்டு வீட்டில் சமைக்கிறார்கள். கருகிய பிளக்கைக் கொண்டுவந்து “கம்பெனி சரியில்லை” என்று குறை சொல்பவர்களுக்கு இந்தப் பெருக்கலைத்தான் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுக்கிறேன். பத்தாம் வகுப்பில் பிள்ளை இருக்கிற வீடாக இருந்தால், அதைப் பிள்ளையிடம் காட்டச் சொல்லுவேன்.

பாடத்தில் ‘வீடுகளில் மின்சுற்று’ என்கிற பகுதி இருக்கவே செய்கிறது. மிகைப்பளு, குறுக்குச் சுற்று, புவித்தொடுப்பு எல்லாம் வருகின்றன. ஆனால் தேர்வுக்கு வந்துசேரும்போது ‘ஃபியூஸின் பயன் யாது?’ என்று சுருங்கிவிடுகிறது. ‘மின்சாதனங்களைப் பாதுகாக்கிறது’ என்று எழுதினால் மதிப்பெண். ஆளைப் பாதுகாக்குமா என்று யாரும் கேட்பதில்லை. பாதுகாக்காது. ஈரக் கையும் ஈரத் தரையுமாக இருக்கும்போது உடம்பின் தடை ஏறக்குறைய 1000 ஓம் வரை இறங்கிவிடும். 230-ஐ 1000-ஆல் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். நெஞ்சைத் தாறுமாறாகத் துடிக்கவைக்க இதில் பாதியே போதும். ஆனால் 16 ஆம்பியர் எம்சிபி கணக்கில் இது எழுபதில் ஒரு பங்கு. மனுஷன் துடித்துக்கொண்டிருப்பான், எம்சிபி அசையாது. ஆளைக் காப்பதற்கு இருப்பது ஆர்சிசிபி. போகிற கரண்டையும் திரும்பி வருகிற கரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருந்து, வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் லைனைத் துண்டித்துவிடும். ‘போனது அவ்வளவும் திரும்பி வர வேண்டும்’ என்று கடை மேஜையில் பென்சில் செல்லை வைத்துப் பார்த்தோமே, அதே விஷயத்தில்தான் இந்தச் சாதனமே வேலை செய்கிறது. திரும்பி வரவில்லை என்றால் யாருடைய உடம்பு வழியாகவோ, ஈரச் சுவர் வழியாகவோ மண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸுக்குப் பார்க்கிற செலவை இதற்குப் பார்க்க மாட்டேன் என்கிறார்கள். அதைத் தனியாக ஒரு கடிதத்தில் புலம்ப வேண்டும்.

டெஸ்டரை வைத்தும் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. வெறும் கையால் லைனைத் தொட்டால் உயிருக்கு ஆபத்து, டெஸ்டர் வழியாகத் தொட்டால் ஏன் ஒன்றும் செய்வதில்லை? அதற்குள் நியான் விளக்கோடு தொடராக 10 லட்சம் ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் உட்கார்ந்திருக்கிறது. 230-ஐ வகுத்துப் பார்த்தால் கால் மில்லி ஆம்பியர்கூட வராது. நம் உடம்பும் அந்தச் சுற்றில் ஒரு பகுதிதான், உடம்பு வழியாகக் கரண்ட் ஓடத்தான் செய்கிறது, ஆனால் தெரியாத அளவுக்கு. தொடரிணைப்பில் பெரிய தடைதான் எஜமான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளுக்குக் குழப்பம் தரும் இன்னொன்றையும் ஆசிரியர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் நல்லது. 100 வாட்ஸ் குண்டு பல்புக்கு சூத்திரப்படி (230-இன் வர்க்கத்தை வாட்ஸால் வகுத்தால்) தடை 529 ஓம். ஆர்வக்கோளாறில் ஒரு பையன் மீட்டரை வைத்துப் பார்த்தால் 40 ஓமைச் சுற்றிக் காட்டும். புத்தகம் பொய் என்று நினைப்பான். இரண்டும் சரிதான். மீட்டர் பார்த்தது குளிர்ந்து கிடக்கிற டங்ஸ்டன் இழையை, சூத்திரம் சொல்வது இரண்டாயிரத்துச் சொச்சம் டிகிரியில் வெள்ளையாகக் காய்ந்து நிற்கிற இழையை. ஓம் விதிக்கு ‘மாறா வெப்பநிலையில்’ என்று ஒரு நிபந்தனை இருக்கிறதே, அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிற அந்தச் சொற்கள், அவை சும்மா போட்டவை இல்லை. இப்போது வீட்டில் இருக்கிற 9 வாட்ஸ் எல்இடி பல்புக்குள் கரண்டைத் தானே சீராக்குகிற டிரைவர் சர்க்யூட் இருப்பதால், இரண்டைத் தொடராக மாட்டினால் பாடத்தில் சொன்ன மாதிரி ஒழுங்காக மங்காது. சில கண்ணடிக்கும், சில எரியும், சில எரியாது. ஆகவே சோதனைக்குப் பழைய குண்டு டார்ச் பல்புதான் வேண்டும். அது கடைகளில் அருகிவருகிறது. பள்ளிகள் இப்போதே ஒரு பெட்டி வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஓம் என்பவர் யாரென்று பிள்ளைகளுக்குச் சொல்கிறார்களா தெரியவில்லை. பூட்டு செய்பவரின் மகன். ஜெர்மனியில் கொலோன் நகரத்துப் பள்ளி ஒன்றில் வாத்தியாராக இருந்தவர். பள்ளி ஆய்வகத்தில்தான் கம்பிகளை விதவிதமான நீளத்தில் மாட்டி அளந்தார். அந்தக் காலத்து பேட்டரி ஓடஓட வோல்ட் இறங்கி அவருடைய அளவுகளைக் கெடுத்தது. பேட்டரியைத் தூக்கிப்போட்டுவிட்டு, இரண்டு உலோகங்களைச் சேர்த்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, நிலையான மின்னழுத்தம் எடுத்தார். 1827-ல் புத்தகமாக வெளியிட்டார். அவர் நாட்டிலேயே முதலில் பலர் சட்டைசெய்யவில்லை. நம் பையனின் பழைய செல்லும் சோதனை நடுவில் இறங்கும், அளவு முன்னுக்குப்பின் வரும். ஓமுக்கே வந்த சிக்கல்தான் தம்பி என்று சொன்னால், அவன் சோர்ந்துபோகாமல் மறுபடி அளப்பான்.

பத்தாம் வகுப்புச் செய்முறையில் கம்பியின் மின்தடை எண் காணும் சோதனை இருக்கிறது. பல இடங்களில் ஒரே ஒரு செட்டைச் சுற்றி முழு வகுப்பும் நிற்கிறது என்று பிள்ளைகளே சொல்கிறார்கள். ஒருவன் தடையைக் கூட்டிக் குறைக்கிற ரியோஸ்டாட்டை நகர்த்துவான், மற்றவர்கள் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்குப் பாடம் முடிக்கிற அவசரம், அட்டவணை, பதிவேடு. ஆனால் ஒரு மேஜைக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டு பென்சில் செல், இரண்டு பல்பு, நாலு துண்டு வயர், ஒரு சுவிட்ச் என்று கொடுப்பதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. மீட்டர் மட்டும் வகுப்புக்கு இரண்டு மூன்று போதும்.

ஒரு கண்டிப்பு. சோதனையெல்லாம் செல்லில் மட்டும்தான். வீட்டுச் சுவர் பிளக்கில் எந்தப் பிள்ளையும் கை வைக்கக் கூடாது. குறிப்பாக, மல்டிமீட்டரின் வயர் 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது பிளக் துளையில் முள்ளைச் சொருகினால் அது நேரடி ஷார்ட். கையிலேயே வெடிக்கும்.

வீட்டில் தொடாமலே செய்யக்கூடிய பரிசோதனை ஒன்று இருக்கிறது, உங்கள் மாணவர் பக்கத்துக்கு அதைப் பரிந்துரைக்கிறேன். வாசலில் உள்ள மின்வாரிய மீட்டரில் சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருப்பார்கள். பல மீட்டர்களில் 3200 என்று இருக்கும். பெரியவர்களைக் கேட்டு மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு, அம்மா துணி தேய்க்கும்போது ஒரு நிமிஷம் எண்ணினால், 1000 வாட்ஸ் அயர்ன்பாக்ஸுக்கு 53 வர வேண்டும். அயர்ன்பாக்ஸ் சூடேறித் தானாக நின்றதும் சிமிட்டலும் நிற்கும். பழைய 75 வாட்ஸ் ஃபேன் மட்டும் ஓடினால் நிமிஷத்துக்கு 4. அந்த ஃபேன் நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 45 யூனிட். இத்தனை யூனிட்டை ஒரே ஃபேன் தின்றுவிடுகிறது என்று பிள்ளை கணக்குப் போட்டு அப்பாவிடம் காட்டட்டும். மின்திறன், மின்னாற்றல் இரண்டுக்கும் வேறுபாடு யாது என்கிற 2 மதிப்பெண் கேள்வி இனி அந்த வீட்டில் மறக்காது.

தலைமை ஆசிரியர்களுக்கு உங்கள் மூலமாக ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு ஊரிலும் வயர்மேன் லைசென்ஸ் வைத்திருக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். மின்னோட்டவியல் பாடம் நடக்கிற வாரத்தில் ஒருவரை ஒரு பீரியடுக்குக் கூப்பிடுங்கள். கூலி கேட்க மாட்டோம். சுற்றுவட்டாரப் பள்ளிகள் அழைத்தால் நான் வருகிறேன். பக்கவாட்டில் அறுத்துத் திறந்த ஒரு எம்சிபி, கழற்றிய டெஸ்டர், கருகிப்போன பிளக்குகள் ஒரு டப்பா, குண்டு பல்பும் செல்லும் மாட்டிய பலகை எல்லாம் என்னிடம் இருக்கின்றன. வேலை இல்லாத நேரம் பார்த்து, பிற்பகல் பீரியடாகக் கொடுத்தால் தோதுப்படும். கல்யாண முகூர்த்த நாட்களில் மட்டும் வேண்டாம், அன்றைக்கு சீரியல் செட் கட்டப் போய்விடுவேன்.

இப்படிக்கு,
எலக்ட்ரிக்கல் கடைக்காரர் ஒருவர்,
அருப்புக்கோட்டை.